ஆட்டை எடுத்துவிட்ட மகனுக்கு

நேற்றுகூட உன் புத்தக அட்டையை முகநூலில் போட்டிருந்தாய், அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிடுகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை, மீட்டிங்கில் இருக்கிறேன் என்று ஒரு வரி மட்டும் வருகிறது. ஆகவே எழுதுகிறேன். உனக்குத் தனியாக அனுப்பாமல் இந்த இணையச் சிறுபத்திரிகைக்கு ஏன் அனுப்பினேன் என்று கேட்பாய். என்னைப் பற்றி நீ ஊரறியச் சொன்னாய், பதிலும் ஊரறிய இருக்கட்டும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் பெயரும் வராது. வீட்டு விஷயத்தைத் தெருவில் பேசுகிறவள் இல்லை நான். நம் தெருவில் பாதிப் பேருக்கு என் குரலே தெரியாது. அப்படிப்பட்டவளைப் பேச வைத்துவிட்டாய், அதுவே என் முதல் கோபம்.

நீ ஒரு நாவல் எழுதினாய். குழந்தைகளுக்கான சாகச நாவல், மாயமும் மந்திரமும் நிறைந்தது. அதைச் சென்னையில் ஒரு பதிப்பகம் போடுகிறது. அச்சுக்குப் போவதற்கு முன்பே உன் ‘ஆசிரியர் குறிப்பு’ என்று ஒரு பத்தியை அவர்கள் தங்கள் பக்கத்தில் போட்டார்கள். அதில் நீ எழுதியிருந்தாய்: எழுதப் படிக்கத் தெரியாத என் தாய், சுருக்கம் விழுந்த கைகளால் நிலாச்சோறு ஊட்டியபடி சொன்ன கதைகளே இந்த நாவல். அதன் கீழே முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கண் கலங்கியதாகச் சொல்லிக் கைகூப்பியிருந்தார்கள். எனக்கு அது தெரிய வந்தது நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில்தான், டீ டைமில். என் பக்கத்து மேசை எஸ்தர் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். “இன்னாக்கா, உனக்குப் படிக்கத் தெரியாதாமே? அப்ப பஸ்ல டெய்லி புக்கைக் கையில வச்சினு இன்னா பண்ற, விசிறிக்கிறியா?” என்றாள். அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. “கையைக் காட்டுக்கா, சுருக்கம் எங்கன்னு பாக்கலாம்” என்று இன்னொருத்தி என் கையைப் பிடித்துத் திருப்பினாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது. பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பத்தியை மறுபடி படித்தேன், எழுத்துக் கூட்டி இல்லை.

எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. உன்னோடு வேலூருக்கு வந்தால் கடைக்காரர்கள் “தம்பியா?” என்று கேட்பதும், நீ முகத்தைச் சுளிப்பதும் உனக்கு நினைவிருக்கும். பிளஸ் டூவோடு கல்யாணம் ஆனது உண்மை. அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்ததும் உண்மை. வேலூரில் பரீட்சை எழுதிய நாட்களில் நீயும் உன் அப்பாவும் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தீர்கள். மணி அடித்து நான் வெளியே வந்ததும், “பாஸாம்மா?” என்று அப்போதே கேட்டவன் நீ. பேரணாம்பட்டு கிளை நூலகத்தில் மொழிபெயர்ப்பு அலமாரியை முழுக்கப் படித்து முடித்துவிட்டேன் என்று நூலகர் கேலி செய்வார். நீ பத்தாவது படிக்கும்போது உன் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்தது யார்? நிலாச்சோறு என்கிறாய். மாலையில் நான் ஓவர்டைம் முடித்து வருவதற்குள், பக்கத்து வீட்டு பாத்திமா அக்கா உன்னை டிவி முன்னால் உட்கார வைத்து ஊட்டிவிட்டிருப்பார். அந்த அக்காவுக்கு உன் குறிப்பில் இடமில்லை. நிலாவுக்கு இடம் இருக்கிறது.

கதையும் நான் சொன்னதில்லை. எனக்குக் கதை சொல்ல வராது, படிக்கத்தான் வரும். உன் நாவல் உன் வாயிலிருந்து வந்தது. அது பிறந்த இடத்தில் நான் இருந்தேன் என்பதால் சொல்கிறேன். நீ மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டில் குடியாத்தம் பஸ்ஸுக்கு நின்றோம். உப்பு போட்ட பச்சைத் தோல்களை ஏற்றிய லாரி ஒன்று ஓரமாக நின்றது, அடியில் உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நீ என் கையை விட்டுவிட்டுப் போய் டிரைவரைக் கேட்டாய், “அண்ணா, இதுக்குள்ள இருந்தவங்கல்லாம் எங்க?” அவர் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே, “மேல போய்ட்டானுங்கடா” என்றார். “சட்டை இல்லாமயா?” என்று கேட்டாய். அந்த ஆள் சிரித்த சிரிப்பில் பீடி கீழே விழுந்தது. நீ சிரிக்கவில்லை. பஸ் ஏறிய பிறகும் என்னைக் குடைந்துகொண்டே வந்தாய். “குளிராதாம்மா? அங்க யாராவது போர்வை குடுப்பாங்களாம்மா?” தெரியாது என்றேன். அதன்பிறகு எத்தனையோ வருடம் அந்தப் பதிலை நீயே தேடி, நாவலாக எழுதினாய்.

அந்த நாவலை நான் படித்திருக்கிறேன். எழுதி முடித்ததும் எனக்குத்தான் முதலில் அனுப்பினாய். கம்பெனி பஸ்ஸில் போனில் படித்தேன், எஸ்தர் தோளைத் தட்டியிராவிட்டால் பஸ்ஸோடு ஷெட்டுக்கே போயிருப்பேன். இந்தக் கடிதத்தைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். மூடிக் கிடக்கும் ஒரு தோல் தொழிற்சாலை. தோல் பதனிடுவதற்கென்று அங்கே ஓர் அறை அளவுக்குப் பெரிய மர டிரம். தேன்மொழி என்ற சிறுமி விளையாட்டாக அதற்குள் ஏறுகிறாள், அது தானாகச் சுற்றுகிறது. இறங்கிப் பார்த்தால் வேறு நாடு. அங்கே பாலாற்றில் தண்ணீர் ஓடுகிறது. அதுவே பெரிய மாயம் என்று எங்கள் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அந்த நாட்டில் தோலில்லாத ஆடுகள் வாழ்கின்றன. குளிருக்குச் சாக்கும் செய்தித்தாளும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு கிழட்டு ஆடு மட்டும் கல்யாண ஃபிளக்ஸ் பேனரைப் போர்த்திக்கொண்டு, அதிலிருக்கும் மாப்பிள்ளையைத் தன் மாப்பிள்ளை என்று சொல்லித் திரிகிறது. சுல்தான் என்ற கிடா தேன்மொழியைப் பார்த்துக் கேட்கிறது: “என் தோலு இப்ப எந்த ஊர்ல நடந்துனு இருக்குது?” ஷூவாகிப் போன தன் தோலைத்தான் கேட்கிறது. இடது கால் ஷூ ஒரு நாட்டில், வலது கால் ஷூ இன்னொரு நாட்டில். இரண்டும் ஜோடி சேர்ந்து நின்றால்தான் வழி நினைவு வரும், சுல்தானிடம் திரும்பி வரும். தேன்மொழியின் அம்மா ஷூ கம்பெனிக்காரி, அவளுக்கு ஜோடி பார்க்கத் தெரியும். அந்தக் கண்ணை வைத்துத்தான் மகள் ஷூக்களைக் கண்டுபிடிக்கிறாள். நான் படித்த குழந்தைகள் புத்தகங்களில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பெற்றவள் என்பதால் சொல்லவில்லை. சரியில்லாத இடங்களையும் அப்போதே சொன்னேன், திருத்தினாய்.

போன வாரம் அச்சுக்குப் போகும் பிரதியை அனுப்பினாய். கம்பெனி பஸ்ஸிலேயே திறந்தேன். டிரம் இல்லை, வானவில் சக்கரம் இருந்தது. பாலாறு வெள்ளியாறு ஆகியிருந்தது. ஆடுகள் ஒன்றுகூட இல்லை. அவற்றின் இடத்தில், நிழலைத் தொலைத்துவிட்டு அழும் மேகங்கள். தேன்மொழியின் அம்மா பாட்டு டீச்சர். நீ அவசரத்தில் மாற்றியிருக்கிறாய் என்பது ஏழாவது அத்தியாயத்தில் தெரிந்தது. அங்கே ஒரு மேகம் சுவரில் கழுத்தைச் சொறிந்துகொள்கிறது, போஸ்டரைக் கிழித்துத் தின்கிறது, பிறகு நாலு புழுக்கை போட்டுவிட்டுப் போகிறது. எஸ்தருக்குப் படித்துக் காட்டினேன். “ஐயோ, மழைன்னு நெனச்சினு இருந்தோமேக்கா இத்தினி நாளா!” என்று அவள் சீட்டிலிருந்து சரிந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் ஜோடி அப்படியே இருந்தது. இடது நிழல் ஒரு நாட்டில், வலது நிழல் இன்னொரு நாட்டில். நிழலுக்கு ஏதடா இடமும் வலமும்?

என் வேலை உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. ஒரு ஜோடி ஷூவுக்கு இடதும் வலதும் ஒரே தோலிலிருந்து, முடிந்தால் அடுத்தடுத்த இடத்திலிருந்து வெட்டப்பட வேண்டும். வேறு வேறு தோலிலிருந்து வந்தாலும் டியூப் லைட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும். ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் நிறம் பிரிந்து நிற்கும். நாள் முழுக்க அதைப் பார்த்துப் பிரித்து வைப்பவள் நான். நீ சின்ன வயதில் உன் பள்ளிக்கூட ஷூவை ஜன்னலில் வைத்து, “இது சேரலைம்மா, கம்பெனிக்கே திருப்பிக் குடுத்துடு” என்று அடம்பிடித்தவன். அந்த வீட்டில் வளர்ந்தவன் ஷூவை எடுத்துவிட்டு ஜோடியை மட்டும் வைத்துக்கொள்வானா? கதையின் உயிர் அதில்தான் இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அதை விட மனம் வரவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல மட்டும் கூச்சம்.

உன் அப்பாவிடமும் கொடுத்தேன். தோல் தொழிற்சாலையில் டிரம் ஓட்டும் மனிதர், பழைய பிரதியில் டிரம் வரும் பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “நல்லாத்தான் எழுதிக்கிறான். நம்ம ஊரு மாதிரியே இல்ல” என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். சாப்பிட்டு முடிக்கும் வரை பொறுத்திருந்து கேட்டேன். “ஆடு எங்கடா?” நீ சிரித்து மழுப்பினாய். “மேஞ்சினு இருக்கும்மா.” நான் சிரிக்காததைப் பார்த்ததும் குரல் மாறியது. “அவங்க ஒத்துக்க மாட்டேன்றாங்கம்மா. தோலு, கிடா, உப்புத் தண்ணி, நாத்தம்... சிட்டில பேரண்ட்ஸ்தான் புக் வாங்குறது. புள்ளைங்க கையில குடுப்பாங்களா?”

“அவங்கன்னா யாரு?”

“எடிட்டர்.”

“அவங்களே சொன்னாங்களா?”

“சொன்னாங்கம்மா, விடேன்.” போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

“சரி. என்னை ஏன் படிக்காதவளாக்குன? அதுவும் அவங்களா?”

“அது சும்மா ஒரு அழகுக்கும்மா. எல்லாரும் அப்டித்தான் போடுறாங்க. அம்மா ஷூ கம்பெனி, லைப்ரரி, பி.ஏ.ன்னு எழுதுனா யாருக்கும்மா ஃபீலிங் வரும்?”

உன் அப்பா அதற்குள் குறுக்கே வந்து, “பையன் ஊருக்குப் போற நேரத்துல பேஜார் பண்ணாதே” என்று என்னை அடக்கினார். நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நான் அந்த முகம் தெரியாத எடிட்டர் மீது இரண்டு நாள் கோபமாக இருந்தேன். எங்கள் கை செய்த ஷூவைக் காலில் போட்டுக்கொண்டு எங்கள் நாற்றத்தை மட்டும் வேண்டாம் என்கிறாளே என்று மேசையில் இருந்த ஜோடிகளை எல்லாம் முரட்டுத்தனமாகத் தள்ளினேன். எஸ்தர், “மெதுவாக்கா, அது என்னா பண்ணுச்சு” என்றாள்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அந்த எடிட்டர் அம்மாவே போன் செய்தார். இளம் குரல், மரியாதையான குரல். “அம்மா, வெளியீட்டு விழாவுக்காக ஒரு சின்ன வீடியோ. நீங்க உங்க பாஷையிலயே ஒரு நிலாச்சோறு கதை சொல்லணும். சாதாரணப் புடவையே போதும்மா, பழசா இருந்தா இன்னும் நல்லாருக்கும்.” எனக்கு உடம்பு எரிந்தது. வீடியோவை ஒதுக்கிவிட்டு நேராகக் கேட்டேன், “ஆட்டை ஏம்மா எடுக்கச் சொன்னீங்க?”

“எந்த ஆடும்மா?” என்றார்.

சொன்னேன். டிரம், சுல்தான், பேனர் போர்த்திய கிழட்டு ஆடு, ஷூ, எல்லாம் சொன்னேன். எனக்குக் கதை சொல்ல வராது என்றேனே, அன்று வந்தது. கடைசியில், “எங்களுக்கு வந்ததே மேகம்தாம்மா” என்றார். “நான் எதையும் எடுக்கச் சொல்லல. அந்த ஜோடி மட்டும் ஏன்னு எனக்குப் புரியவே இல்ல. மேகம் புழுக்கை போடுற இடம் ஏதோ புது மாதிரி கற்பனைன்னு விட்டுட்டேன்.”

இரண்டு நாளாக ஒரு தவறும் செய்யாத பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். யாரும் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை. அவர்கள் சுளிப்பார்கள் என்று நீயே முடிவு செய்து, அவர்கள் மூக்கைப் பொத்துவதற்கு முன்னால் நீ பொத்திக்கொண்டாய். பிறகு அந்தப் பழியையும் அவர்கள் மீதே போட்டு என்னிடம் பொய் சொன்னாய். சாப்பிட்ட கை காயும் முன்னால், என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு.

பெற்றவர்கள் இப்படிக் கடிதம் எழுதினால் நடுவில் ஓர் இடத்தில் தங்கள் தப்பை ஒப்புக்கொள்வது வழக்கம். நானும் தேடிப் பார்த்தேன். உன் அப்பா வேலை என்ன என்று கேட்டால் கம்பெனி என்று சொல் என உனக்கு நான் ஒருநாளும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவர் சட்டையைத் தனியாகத் துவைத்ததில்லை. ஆகவே இந்த விஷயத்தில் என்னிடம் தப்பு இல்லை, நீ தேடினாலும் கிடைக்காது. உனக்கு இந்தக் கூச்சம் ஊரிலிருந்து வந்தது என்றும் நான் நம்பவில்லை. வேலூரில் காலேஜ் சேர்ந்த முதல் வாரம் ஒருத்தன் எல்லோர் முன்னாலும், “பேரணாம்பட்டா? பீடியா, தோலா?” என்று நம் ஊர்த் தொழிலை வைத்துக் கேட்டான். நீ, “ரெண்டும்தான்டா. பீடி வேணுமா, செருப்பு வேணுமா?” என்றாய். வகுப்பே சிரித்தது, அவன் உன் தோஸ்த் ஆனான். வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டினாய், பாத்திமா அக்கா கைதட்டினார். நேருக்கு நேர் கேட்டவனுக்கு அப்படிப் பதில் சொன்ன நீ, கேட்கவே கேட்காதவர்களுக்கு ஏன் இப்படிப் பயந்தாய்? ஏசியில் உட்கார்ந்து வேலை பார்க்க ஆரம்பித்ததிலிருந்தா? அங்கே யாராவது ஏதாவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் அவர்கள் மீது கோபப்பட எனக்கு நிறையவே தெம்பு இருக்கிறது. என்னிடம் சொல்லியிருக்கலாம்.

எழுதுகிறவனுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது, நான் படிக்கிறவள்தான். படிக்கிறவளாக ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ஒரு குழந்தை உன் மேகத்தைப் படித்தால், நன்றாக இருக்கிறது என்று மூடி வைத்துவிடும். சுல்தானைப் படித்த குழந்தை, படித்து முடித்ததும் வாசலில் கிடக்கும் ஷூவைப் போய்ப் பார்க்கும். கையில் எடுக்கும். யாருடையது என்று கேட்கும். நீ அன்றைக்கு அந்த லாரி டிரைவரைக் கேட்டதுபோல யாரையாவது கேட்டுத் தொந்தரவு செய்யும். அந்தக் குழந்தைக்கும் அந்தக் கேள்விக்கும் நடுவில் இப்போது நீ நிற்கிறாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை, என்னை அனுபவம் முதிர்ந்த கிழவியாக்கியதைக்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொள்வேன்.

அன்று போனிலேயே அந்த எடிட்டர் அம்மா கேட்டார், “பழைய பிரதி உங்ககிட்ட இருக்காம்மா? இருந்தா அனுப்புங்களேன். அச்சுக்குப் போக வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு.” இருந்தது. என் போனிலேயே இருந்தது. எஸ்தர் பக்கத்தில் நின்றுகொண்டு, “அனுப்புக்கா, பயலுக்குப் புத்தி வரட்டும்” என்றாள். கட்டை விரல் அதன் மேலேயே இருந்தது. அனுப்பவில்லை. அனுப்பினால் நாளைக்கு இன்னொரு குறிப்பு எழுதுவாய், என் தாய் என் கதையைக் காப்பாற்றினாள் என்று. அதற்கும் நாலு பேர் கண் கலங்குவார்கள். புத்தகம் உன்னுடையது, எடுத்ததும் நீ, வைக்க வேண்டியதும் நீ. அவரிடம் அதையே சொன்னேன். அவர், “சரிம்மா, அவரே பேசட்டும், வெள்ளி வரைக்கும் நான் நிறுத்தி வைக்கிறேன்” என்றார்.

ஒன்றை மட்டும் உன்னைக் கேட்காமல் செய்தேன். அந்தக் குறிப்பில் என்னைப் பற்றிய வரியை எடுக்கச் சொன்னேன். அது என்னைப் பற்றியது, அதில் எனக்கு உரிமை உண்டு. “அப்ப வேற என்ன போடலாம்மா?” என்று கேட்டார். அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் ஜோடி பார்க்கிறார், அப்பா டிரம் ஓட்டுகிறார், கதையை அவர்கள் சொல்லவில்லை, இவனே யோசித்தான் என்று போடுங்கள் என்றேன். டைப் செய்து எனக்கே படித்துக் காட்டினார். பிறகு இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டார். சாப்பாட்டு நேரம் முடிந்து பெல் அடிக்கும் வரை அதையே பேசிக்கொண்டிருந்தோம். வீடியோ பேச்சு மறுபடி வரவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் பழைய பிரதியை நீ அனுப்பினாலும் சரி, அனுப்பாவிட்டாலும் சரி, விழாவுக்கு வருவேன். இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, உன் அப்பாவோடு முன் வரிசையில் உட்காருவேன். நான் வாய் திறக்க மாட்டேன், பயப்படாதே. குழந்தைகளை அழைத்திருக்கிறார்களாம். அதில் ஏதாவது ஒன்று எழுந்து, அண்ணா, உங்களுக்கு இந்தக் கதை எப்படித் தோன்றியது என்று கேட்கும். அது கேட்கும்போது நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ எங்கே பார்த்துப் பதில் சொல்லப்போகிறாய் என்று இப்போதே முடிவு செய்துகொள்.

அம்மா